சேருவதில் இரண்டு விதம்

என் மகளுக்கும், அவளோடு சேர்ந்து மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். போன கிழமை மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, இவ்வளவு காலம் இங்கிலீசையும் தமிழையும் வைச்சு மாரடிச்சனீங்கள். ஆகக் கஷ்டமான சொல்லு எது?" கோர்ட்டில் புழங்கும் ஏதாவது பெரிய சொல்லைச் சொல்லுவேன் என்று நினைத்திருப்பாள். நான் இரண்டு சொல் சொன்னேன். ஒன்று பெடரேஷன். மற்றது அமல்கமேஷன். "இது என்ன, ரெண்டும் சேருறதுதானே" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். நானும் ஒரு நாள் அப்படித்தான் சொன்னேன்.

நான் பெரிதாகப் படித்தவன் அல்ல. என் ஆங்கிலத்தில் பள்ளிக்கூடம் தந்தது கொஞ்சம். மிச்சம் திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இருந்த காலத்தில், அங்கே வேலை பார்த்த அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும்போது காதில் விழுந்தது. ஆகவே அகராதி சொல்லுகிற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்த மாதிரிச் சொல்கிறேன்.

பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் சேர்ந்து நடுவில் ஒரு கிணறு வெட்டுகிறார்கள். தண்ணீர் பொது. குசினி அவரவருடையது. நாளைக்குச் சண்டை வந்தால் வேலியைப் போட்டுவிட்டு அவரவர் பாட்டில் இருக்கலாம். இது பெடரேஷன். அதே இரண்டு வீட்டாரும் நடுச்சுவரை உடைத்து, ஒரு குசினியை இடித்து, ஒரே அடுப்பில் சமைக்கத் தொடங்கினால் அது அமல்கமேஷன். அதற்குப் பிறகு எங்கள் வீடு, உங்கள் வீடு என்ற பேச்சே இல்லை. பிரிய நினைத்தாலும் பிரித்து எடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது. அகராதியில் இரண்டுக்கும் நேரே இணைப்பு, சேர்க்கை, ஒன்றுகூடல் என்று போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால் அதை நம்பிக் கூட்டத்தில் எழும்பி நிற்காதீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், சின்னச் சின்னக் கூட்டுறவுச் சங்கங்களை ஒன்றாக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் அப்போது கூட்டுறவு அலுவல்களைப் பார்க்கும் ஒரு கந்தோரில் தற்காலிக மொழிபெயர்ப்பாளன். நிரந்தரமாக்குவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலம்தான்.

நிலாவெளிக்கு வடக்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மீன்பிடிக் கரைகள் இருந்தன. ஊர்ப் பெயர் வேண்டாம். பெரிய கரை, சின்னக் கரை என்று வைத்துக்கொள்வோம். பெரிய கரையில் கத்தோலிக்கச் சனம். சின்னக் கரையில் சைவச் சனம். கரைக்கு ஒரு சங்கம். கரைவலை யார் முதலில் போடுவது என்ற முறையைப் பற்றி இடைக்கிடை வாய்த்தர்க்கம் வரும். மற்றப்படி கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் இங்கேயிருந்து அங்கே போவார்கள், அங்கேயிருந்து இங்கே வருவார்கள்.

சின்னக் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வலையை இழுத்து, மீனைக் கொட்டி, ஆளாளுக்குக் கும்பி கும்பியாகக் குவித்துப் பிரிக்கும்போது முதலில் ஒரு கும்பியை ஒதுக்கி வைப்பார்கள். அதன் பெயர் கடல் பங்கு. கடலில் போய்த் திரும்பி வராதவர்களின் மனைவிமாருக்கு அது. அந்தப் பெண்கள் பனையோலைக் கடகத்தோடு வந்து ஆம்பிளைகளின் வரிசையிலேயே நிற்பார்கள். அதை யாரும் தர்மம் என்று சொல்லமாட்டார்கள். போனவன் இன்னும் கயிறு பிடித்து இழுக்கிறான் என்பது அவர்களுடைய கணக்கு. சங்கத்திலும் அந்தப் பெண்கள் அங்கத்தவர்கள். கை உயர்த்தும் உரிமை உண்டு. பெரிய கரையில் இந்த வழக்கம் இல்லை. அவர்கள் கல் நெஞ்சுக்காரர் என்பதால் அல்ல. அங்கே விதவைகளை மாதா கோயில் பார்த்தது. சுவாமியார் மாதாமாதம் கொடுப்பார்.

இந்த இரண்டு சங்கத்தையும் சேர்ப்பது பற்றிப் பேசக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர், நல்ல மனிதர். தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் பேசினார். பெரிய கரைப் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டம். உட்கார வாங்குகளில் இடம் இல்லாமல் சனம் யன்னலிலும் நின்றது.

அதிகாரி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். அதை முதலில் எழுதிவிட வேண்டும். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, பெடரேஷன் என்றால் இரண்டு சங்கமும் இருக்கும், இரண்டின் சட்டமும் இருக்கும், ஐஸ் அறையும் லொறியும் மட்டும் பொது என்றார். பிறகு கைகளைக் கோத்து இறுக்கிக் காட்டி, அமல்கமேஷன் என்றால் இரண்டும் கலைந்து ஒரு புதுச் சங்கம் வரும், அதற்கு ஒரே சட்டம், பழையதுக்குத் திரும்ப முடியாது, ஆனால் எஞ்சின் போட் காத்திருக்காமல் கெதியாகக் கிடைக்கும் என்றார். எது வேண்டும் என்று நீங்களே தீர்மானியுங்கள் என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு விளங்கியது. எல்லாம் விளங்கியது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு முன்னர் தம்பலகாமத்துப் பக்கம் ஒரு விவசாயச் சங்கக் கூட்டத்தில், "உங்கட சங்கம் கலைக்கப்படும்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். உட்கார்ந்திருந்த கதிரை பறந்தது. ஜீப்பை மறித்தார்கள். கந்தோருக்குத் திரும்பிய பிறகு குற்றம் என் தலையில் விழுந்தது. எனக்கு வேலை பழக்கிய மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கூட்டம் குழம்பினால் பெரியவரைப் பிழை சொல்ல மாட்டினம். உன்னைத்தான் சொல்லுவினம். சனம் இருந்த இடத்திலயே இருந்து எழும்பிப் போகவேணும். அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவர் அப்படியே வேலை பார்த்து, அப்படியே நல்ல பெயரோடு ஓய்வு பெற்றவர். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு என் கூட்டங்களில் சத்தம் வந்ததில்லை. அதிகாரிமார் என்னைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

சனத்தைப் பார்த்து நான் சொன்னது இதுதான்: "ரெண்டு சங்கமும் சேரலாம். லேசாச் சேரலாம், இல்லாட்டி முழுசாச் சேரலாம். முழுசாச் சேர்ந்தால் எஞ்சின் போட் கெதியா வரும்."

இவ்வளவுதான். அதிகாரி நிறைய நேரம் பேசியதை நான் மூன்று வசனத்தில் முடித்தேன். யன்னலில் நின்ற ஒருவர், "பெரியவர் இவ்வளவு நேரமும் மூச்சு வாங்கினது இதுக்கே" என்று பகிடி விட்டார். சனம் சிரித்தது. சிரித்தால் கூட்டம் நம் பக்கம் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

அப்போது சின்னக் கரையிலிருந்து பாக்கியக்கா எழும்பினார். அவருடைய புருசன் கடலில் போய்க் கனகாலம். இறக்கக்கண்டிப் பக்கம் வள்ளத்தின் ஒரு பலகைதான் கரை ஒதுங்கியது. பிள்ளைகளைக் கடல் பங்கில்தான் வளர்த்தவர். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, முழுசாச் சேர்ந்தாப் பிறகும் எங்கட கடல் பங்கு எங்களுக்குத்தானே? அதை ஆரும் ஏன் எண்டு கேக்க ஏலாதுதானே? பெரியவரிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கோ என்று வாய் திறந்து கேட்டார். நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும். புதுச் சட்டத்தின்படி மீன்பிடிக்கப் போகிறவர்தான் அங்கத்தவர் என்பார். அதை நான் தமிழில் சொல்ல வேண்டி வரும். சின்னக் கரை எழும்பிப் போகும். ஆகவே அவர் பக்கம் திரும்பாமலே, "எல்லாம் ஒண்டாத்தான் இருக்கும் அக்கா, யோசிக்காதேங்கோ" என்றேன்.

அதிகாரி என்னைப் பார்த்து, அந்த அம்மா என்ன கேட்கிறார் என்றார். பங்கைப் பற்றிக் கேட்டார், விளக்கிவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார். பாக்கியக்காவும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் என்னை நம்பினார்கள். பிறகு முழுதாகச் சேருவதற்குக் கை உயர்த்தச் சொன்னேன். லேசாகச் சேருவதற்கு யார் கை தூக்குவார்? அரைச் சாப்பாடா முழுச் சாப்பாடா என்று கேட்ட மாதிரி இருந்தது. எல்லாக் கையும் உயர்ந்தது. பாக்கியக்காவின் கையும்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சொல் தெரியாமல் விடுகிற பிழை வேறு. அதற்கு மருந்து உண்டு, அடுத்த நாளே படிக்கலாம். ஒருவர் கேட்ட கேள்வியை நடுவில் பிடித்து வைத்துக்கொண்டு நாமே பதில் சொல்லுவது வேறு. அது மொழிபெயர்ப்பே அல்ல.

புதுச் சங்கம் பதிவாகியது. எஞ்சின் போட்டும் வந்தது. கந்தோரில் என்னை மெச்சினார்கள். கொஞ்ச நாள் கழித்து அங்கத்தவர் சிலரின் ஒப்பம் வாங்கச் சின்னக் கரைக்குப் போனேன். வலையில் நல்ல பாடு விழுந்த காலை. சூடை மீனும் கீரி மீனும் மணலில் மினுங்கிக்கொண்டு கிடந்தன. புதுச் சங்கத்தின் ஆள் ஒருவர் நின்று கும்பி பிரித்தார். முதல் கும்பி ஒதுக்கவில்லை. ஆம்பிளைகள் தங்கள் தங்கள் பங்கை அள்ளினார்கள். பெண்கள் வரிசையில் நின்றபடி நின்றார்கள். அவர்கள் முறை வந்தபோது மணல்தான் இருந்தது.

பங்கு பிரித்தவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் முகம் கறுத்துப் போயிருந்தது. சட்டத்தில் இல்லை, நான் என்ன செய்ய என்றார். இளந்தாரி ஒருவன் என்னைக் கண்டுவிட்டு, "இந்தா, கந்தோர் ஐயா வந்திட்டார். இனி மீனையும் இங்கிலீசில பங்கிடுவம்" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

பாக்கியக்கா வெறுங் கடகத்தோடு என்னிடம் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லது.

"தம்பி, அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான்தான் பிழையா விளங்கிக்கொண்டனோ? படிக்காத சனம் நாங்கள். கோவிக்காதேங்கோ. பெரியவர் உண்மையில என்ன சொன்னவர்?"

பிழை தன்னுடையது என்று நினைத்து என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் ஒப்பமும் வாங்காமல் பஸ் ஏறினேன். ஊர் வந்து சேரும் வரைக்கும் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

அடுத்த நாள் அந்தக் கொழும்பு அதிகாரி எங்கள் கந்தோருக்கு வந்திருந்தார். போய் முழுவதையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த இரண்டு சொல்லும் கஷ்டமானவை, உன் படிப்புக்கு அது தெரியாமல் போனதில் அதிசயம் இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிறார் என்று விளங்கியது. தெரியாமல் செய்தவனை நிரந்தரமாக்கலாம். தெரிந்து செய்தவனை ஆக்க முடியாது. நான் வாயைத் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கலைந்த சங்கத்தைத் திரும்ப எழுப்ப முடியாது என்றும் அவர் சொன்னார். பெடரேஷன் என்றால் ஒரு கூட்டம் போட்டுப் பிரிந்து வந்துவிடலாம். இது அப்படி அல்ல. அந்தச் சொல்லின் அர்த்தமே அதுதான். இனிச் செய்யக்கூடியது ஒன்றுதான். புதுச் சங்கத்தின் பொதுக்கூட்டம் மனம் வைத்தால், கடல் பங்கைச் சட்டத்தில் ஒரு பிரிவாகச் சேர்க்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் பெரிய கரைக் கைகள்தான் கூட. சின்னக் கரை முழுவதும் கை தூக்கினாலும் காணாது.

அந்தக் கூட்டமும் அதே பள்ளிக்கூடத்தில்தான். தலைவர் பெரிய கரைக்காரர், சொந்தமாக வலையும் வள்ளமும் வைத்திருந்த சம்மாட்டி, வாய் நிறையச் சிரிக்கிற மனிதர். அவர் எழும்பி, நடந்தது ஒரு தவறு, கந்தோர்த் தம்பிக்கு இங்கிலீசு சரியாக விளங்கவில்லையாம், பாவம், மனிசனுக்கு மனிசன் பிழை வரும்தானே என்றார். சனம் சிரித்தது. கோபத்தில் அல்ல, மன்னித்த சிரிப்பு. பின்னுக்கிருந்த ஒருவர், "எனக்கும் விளங்காதுதான், ஆனா எனக்குச் சம்பளம் தாறேல்லையே" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுதவே கை கூசுகிறது.

பிறகு தலைவர் தன் நியாயத்தைச் சொன்னார். கை உயர்த்தினது உயர்த்தினதுதான். ஒரு ஆளின் அறியாமைக்காக எங்கட சனம் தங்கட பங்கில ஏன் குறைக்கவேணும்? எங்கட விதவையளைக் கோயில் பாக்குது. உங்கட கோயிலும் பாக்கட்டுமே. இதுவும் நியாயம் மாதிரித்தான் இருந்தது. பெரிய கரை வாங்குகளில் தலைகள் ஆடின. இனிக் கை எண்ணுவதுதான் மிச்சம். பெண்கள் பின்சுவரோடு நின்றார்கள். பாக்கியக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தெளிவாகியது. நடந்தது அறியாமை என்றால் யாரும் யாருக்கும் கடமைப்படவில்லை. மழை பெய்து வள்ளம் உடைந்த மாதிரி, போனது போனதுதான். சின்னக் கரை ஏமாற்றப்பட்டது என்றால் கதை வேறு. நான் தேடிக்கொண்ட மன்னிப்புத்தான் அந்தப் பெண்களின் கடகத்தை மூடிக்கொண்டிருந்தது.

எழும்பினேன். அதிகாரி என்ன செய்கிறாய் என்பது போலப் பார்த்தார்.

"எனக்கு விளங்கினது" என்றேன். "பெரியவர் அண்டைக்கு வடிவா விளங்கப்படுத்தினவர். சேர்ந்தால் சின்னக் கரைச் சங்கம் இல்லாமல் போகும், திரும்ப ஏலாது எண்டு சொன்னவர். நான்தான் சொல்லேல்லை. பாக்கியக்கா கேட்ட கேள்வியையும் நான் அவரிட்டச் சொல்லேல்லை. நீங்கள் குழம்புவியள் எண்டு பயந்து மறைச்சனான்."

அதையே ஆங்கிலத்திலும் அதிகாரியிடம் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல். அவர் என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார்.

சத்தம் வரும் என்று நின்றேன். வரவில்லை. சின்னக் கரைப் பக்கம் யாரோ காறித் துப்பினார்கள். தலைவருடைய சிரிப்பு போய்விட்டது. "பொய்யில வந்த போட் எங்களுக்கு வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வசதி இல்லை. ஆனா பொய்யில வந்த பங்கை நாங்கள் தின்னக்கூடாது" என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். வாங்குகளில் தலைகள் குனிந்தன.

அதன் பிறகும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. நிறையப் பேசினார்கள். கடைசியில் ஒரு நடு வழிக்கு வந்தார்கள். இப்போது கடல் பங்கு வாங்குகிற பெண்களுக்கு அவர்கள் சாகும்வரை கொடுப்பது. இனிமேல் வருகிறவர்களுக்கு இல்லை. கை உயர்ந்தது. பாக்கியக்காவும் மற்றப் பெண்களும் போகும்போது என்னைக் கடந்துதான் போனார்கள்.

நிரந்தரம் பிந்தியது. கனகாலம் என்னைக் கூட்டங்களுக்கு அனுப்பவில்லை. அதை நான் ஒரு தண்டனையாகச் சொல்லவில்லை. கூட்டத்துக்குப் போகாத நாட்களில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

திரும்ப அனுப்பத் தொடங்கிய பிறகு எனக்கு நானே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சேருவது, கூடுவது, இணைவது என்று எந்தச் சொல் வந்தாலும், நின்று அதிகாரியிடம் கேட்பேன்: சேர்ந்த பிறகு பிரியலாமா? பிரிந்தால் அவரவருக்கு என்ன மிஞ்சும்? அந்தப் பதிலையும் சேர்த்துத்தான் தமிழில் சொல்லுவேன். சில அதிகாரிமாருக்கு எரிச்சல் வரும். வரட்டும். பேச்சு நீண்டால், கதிரை பறந்தால், பறக்கட்டும்.

இது நடந்து சில வருடம் போயிருக்கும். வாடைக் காற்றுக் காலம். சின்னக் கரையிலிருந்து ஒரு இளம் பெண் மாமியாரோடு கந்தோருக்கு வந்தாள். புருசன் கடலில் போய்விட்டான். அழுது முடித்த முகம். அப்போது வேறொரு அதிகாரி, அவருக்கும் தமிழ் தெரியாது. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, பாக்கியம் மாமிக்குக் குடுக்கிற மாதிரி எனக்கும் கடல் பங்கு வருமோ?"

நான் திரும்பி அந்தக் கேள்வியை முழுதாக ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி சட்டத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இல்லை, வருந்துகிறேன் என்றார்.

"இல்லைப் பிள்ளை, வராது" என்றேன். "உங்களுக்கு முந்தினவையோட அது முடிஞ்சுது. பெரியவர் தனக்குக் கவலை எண்டு சொல்லுறார்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "ஆர் முடிச்சது?" என்று கேட்டாள்.

அதையும் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் புதிதாக வந்தவர். தனக்குத் தெரியாது என்றார். தெரியாதாம் என்று அவளிடம் சொன்னேன்.

நடுவில் நிற்கிறவன் தன் பதிலைச் சொல்லக் கூடாது என்று உங்களுக்கு மேலே எழுதினேன். அன்றைக்கு மட்டும் சொன்னேன்.

"நான்தான், பிள்ளை."

அவள் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போய்விட்டாள்.